கொட்டேஷனில் உள்ள ஆப்ஷன்களில் எதை வாங்குவது, எதை விடுவது?

திருமங்கலம் பக்கத்தில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் பால் கையாளும் ஓர் ஆலையைத் தொடங்குகிறீர்கள். பிரஷர் கேஜ், வெப்பநிலை சென்சார், தொட்டிக்கு லெவல் டிரான்ஸ்மிட்டர், பால் வரத்துக்கு ஃப்ளோ மீட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே நிறுவனத்திடம் விலை கேட்டிருக்கிறீர்கள். வந்த கொட்டேஷனில் அடிப்படை மாடல் ஒரு விலை, ஸ்டாண்டர்டு ஆப்ஷன்கள் தனி, ஸ்பெஷல் ஆப்ஷன்கள் தனி. ஆலோசகர் சொன்னதையெல்லாம் சேர்த்தால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இரண்டு வாரத்தில் வர வேண்டியது பன்னிரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். சாதாரண மாடலை வாங்கிக் கப்பலூரில் லேத் பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எந்த ஆப்ஷனை வெட்டலாம் என்பது உங்கள் கேள்வி. கருவி வந்து சேர்ந்த பிறகு திருத்திக்கொள்ள முடிந்தது எது, முடியாதது எது என்று பிரித்துவிட்டால் அந்தக் கேள்விக்குத் தானாகவே விடை வந்துவிடும். அந்த வழியிலேயே பதில் சொல்கிறேன்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். பால் பண்ணைகளிலும் சர்க்கரை ஆலைகளிலும் கருவிகளைத் தேர்வு செய்து, பொருத்தி, ஓடவிட்டுப் பல ஆண்டு அனுபவம் உண்டு. உங்கள் ஆலையின் குழாய் வரைபடத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே எந்த ஆலைக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் ஆலையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதை அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஸ்டாண்டர்டு ஆப்ஷன் என்றால், அந்த நிறுவனம் ஏற்கெனவே வரைந்து, செய்து, சோதித்துப் பார்த்த ஒன்று. மாடல் கோடில், அதாவது கருவியின் வகையைச் சொல்லும் குறியீட்டில், அதற்கென்று ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும். உதிரிப் பாகம் ஸ்டோரில் இருக்கும். விலை கூடும், நாள் அதிகம் கூடாது. ஸ்பெஷல் என்றால் அப்படிக் குறியீடு இல்லாதது. யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிதாக வரைய வேண்டும், உலோகம் வரவழைக்க வேண்டும், சோதிக்கும் முறையை எழுத வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. ஸ்பெஷல் என்ற சொல்லைப் பார்த்து அது உயர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அந்தத் தொழிற்சாலைக்குப் பழக்கமில்லாதது என்பதுதான் அதன் பொருள்.

இதிலிருந்து உடனே ஒரு முடிவுக்கு வரலாம். பால் குழாய்க்கு வேண்டிய கிளாம்ப் இணைப்பும் கருவிக்குள் அடைக்கும் உணவுத் தர எண்ணெயும் ஒரு நிறுவனத்தின் பட்டியலில் ஸ்பெஷல் என்று இருந்தால், அவர்கள் ரசாயன ஆலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் கருவி செய்து பழகியவர்கள். பால், மருந்து, குளிர்பானத் தொழில்களுக்கே செய்கிற நிறுவனங்களின் பட்டியலில் இதே இரண்டும் அடிப்படை மாடலிலேயே இருக்கும். உங்களுக்கு வந்த கொட்டேஷனில் பால் தொடும் கருவிகளின் தேவைகள் பெரும்பாலும் ஸ்பெஷல் பக்கம் விழுந்திருப்பதைப் பார்த்தால், ஆப்ஷனை வெட்டுவதைவிட அந்தக் கருவிகளுக்கு மட்டும் வேறு நிறுவனத்திடம் விலை கேட்பதே நல்லது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே அந்தத் தள்ளுபடியைவிட ஸ்பெஷலுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை பெரிதாக இருக்கும்.

ஆப்ஷன் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் ஒவ்வொரு கருவியும் எங்கே உட்காரப்போகிறது என்று எழுதுங்கள். உள்ளே ஓடுவது என்ன, அதன் குறைந்தபட்ச, வழக்கமான, அதிகபட்ச வெப்பநிலையும் அழுத்தமும் எவ்வளவு, குழாயின் அளவு என்ன, வெளியே வெயிலா நிழலா, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்களா என்பவை போதும். பெரும்பாலானவர்கள் இதில் விடுவது சிஐபியை, அதாவது குழாயைக் கழற்றாமலே உள்ளே கழுவும் முறையை. பால் 4 டிகிரியில் இருக்கிறது என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். பால் போன பிறகு அதே குழாயில் 75, 80 டிகிரியில் காஸ்டிக் சோடா ஓடும். பின்பு நைட்ரிக் அமிலம் ஓடும். கருவிக்கு உண்மையான சோதனை பாலில் இல்லை, இந்தக் கழுவலில்தான். சில ஆலைகளில் நீராவி விட்டும் கிருமி நீக்குவார்கள்; அப்படியானால் 120 டிகிரிக்கு மேல் எழுத வேண்டும். இந்தத் தாளைச் சப்ளையரிடம் கொடுத்து, இதற்குப் பொருத்தமான மாடலை நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். பிறகு கருவி ஒத்துவரவில்லை என்றால் பொறுப்பு அவர்களுடையது. நீங்களே மாடல் கோடைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

பால் தொடும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இணைப்பு. நம் நாட்டுப் பால் ஆலைகளில் மரைவளையத்தால் இறுக்கும் எஸ்எம்எஸ் யூனியனும் உண்டு, கவ்வியால் இறுக்கும் ட்ரை-கிளாம்ப் எனப்படும் டிசி இணைப்பும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. குழாய் போடும் ஒப்பந்ததாரர் எதைப் போடுகிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அதற்கேற்பக் கருவியைக் கேளுங்கள். டிசியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குழாய் முனையில் கிளாம்ப் கவ்வும் விளிம்புக்கு ஃபெரூல் என்று பெயர். ஓர் அங்குல ஃபெரூலுக்கும் ஒன்றரை அங்குல ஃபெரூலுக்கும் வெளிவிட்டம் ஒன்றே: 50.5 மி.மீ. கிளாம்ப் அழகாக மாட்டிக்கொள்ளும், ஒழுகவும் ஒழுகாது. ஆனால் உள்துளை வேறு என்பதால் நடுவே ஒரு படி உண்டாகும். அந்தப் படியில் பால் தேங்கும். சிஐபி அங்கே முழுதாகப் போய்ச் சேராது. நுண்ணுயிர்ச் சோதனை ஏன் தவறுகிறது என்று ஆலை முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் இந்த இடத்துக்கு வருவார்கள். எனவே ஆர்டரில் "ஒன்றரை அங்குலம்" என்பதோடு நிறுத்தாமல், ஃபெரூல் வெளிவிட்டம் இவ்வளவு, உள்துளை இவ்வளவு என்று மி.மீட்டரில் எழுதுங்கள். பால் குழாயில் மரை பாலைத் தொடும் இணைப்பு வேண்டவே வேண்டாம். மரையின் இடுக்கை எந்தக் கழுவலும் சுத்தம் செய்யாது.

உலோகம் 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகு. இதில் பேரம் வேண்டாம். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குளோரைடு மிகுந்த தண்ணீரும் சூடும் சேர்ந்தால் 304 துருப்பிடிக்காத எஃகிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். கிருமி நீக்கத்துக்கு ஹைப்போகுளோரைட் பயன்படுத்தினால் இன்னும் வேகமாக விழும். 316எல் கூட அளவுக்கு மீறிய ஹைப்போகுளோரைட்டைத் தாங்காது. மேற்பரப்பு வழுவழுப்பு 0.8 மைக்ரான் ஆர்ஏ (மேடுபள்ளத்தின் சராசரி அளவு) அல்லது அதைவிடக் குறைவு என்று கேளுங்கள். பால் தொழிலில் உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவு அது. 0.4 மைக்ரான், எலக்ட்ரோ பாலிஷ் என்று உங்கள் ஆலோசகர் சேர்த்திருந்தால் அது மருந்து ஆலையின் தேவை. தாராளமாக வெட்டலாம்.

டயஃப்ரம் சீல், அதாவது பாலுக்கும் கருவிக்கும் நடுவே நிற்கும் தகட்டுத் தடுப்பு, உள்ள கேஜிலும் டிரான்ஸ்மிட்டரிலும் உள்ளே ஓர் எண்ணெய் அடைத்திருக்கும். பல நிறுவனங்களில் வழக்கமாக அடைப்பது சிலிகோன் எண்ணெய். டயஃப்ரம் மிக மெல்லிய தகடு. என்றைக்காவது அது கிழிந்தால் எண்ணெய் பாலில் கலக்கும். ஆகவே உணவுத் தர எண்ணெய் என்பது கட்டாயம். இதை வாங்கிய பிறகு மாற்றவே முடியாது. வெற்றிடத்தில் எண்ணெய் நிரப்பி மூடுகிற வேலை அது. ஆர்டரில் எண்ணெயின் பெயரைக் குறிப்பிடச் சொல்லி, உணவுத் தரச் சான்றையும் கேளுங்கள்.

தொட்டியின் அடியிலுள்ள அழுத்தத்தை வைத்துப் பால் மட்டத்தைச் சொல்லும் லெவல் டிரான்ஸ்மிட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் அதிகமாக வீணாவது இங்கேதான். விற்பனைத் தாளில் துல்லியம் 0.075 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அது டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் உரிய எண். டயஃப்ரம் சீல் மாட்டிய பிறகு அந்த எண் பொருந்தாது. உள்ளிருக்கும் எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 4 டிகிரியில் பால் இருக்கும்போது ஒரு பூஜ்ஜியம், சிஐபி முடிந்து தொட்டி இன்னும் சூடாக இருக்கும்போது வேறொரு பூஜ்ஜியம். மூன்று மீட்டர் உயரத் தொட்டியில் பால் நிரம்பியிருந்தால் அடியில் உள்ள அழுத்தம் சுமார் 300 மில்லிபார்தான். இவ்வளவு சிறிய அழுத்தத்தில் எண்ணெயின் விரிவு பெரிதாகத் தெரியும். அளவு 10 மி.மீ. நகர்ந்தாலே, இரண்டு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் அது 31 லிட்டர் கணக்கு. இந்தப் பிழையைக் குறைப்பது டயஃப்ரத்தின் விட்டம். ஓர் அங்குல டயஃப்ரம் விறைப்பாக இருக்கும், எண்ணெய் விரிந்தால் அழுத்தம் ஏறிவிடும். இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் டயஃப்ரம் இளகி இடம் கொடுக்கும். ஆகவே 0.04 சதவீதத் துல்லியம் என்ற ஆப்ஷனுக்குக் கொடுக்கும் பணத்தைப் பெரிய டயஃப்ரத்துக்குக் கொடுங்கள். சீலுடன் சேர்த்து, 4 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை மொத்தப் பிழை எவ்வளவு என்று சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் தரத் தயங்கும் நிறுவனத்திடம் வாங்க வேண்டாம். எண்ணெயே இல்லாத செராமிக் டயஃப்ரம் வகையும் கிடைக்கிறது. அதில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் தொட்டிக்கு எது சிக்கனம் என்பது தொட்டியின் அடியில் உள்ள இணைப்பைப் பொறுத்தது.

உங்கள் ஆலையில் மிக முக்கியமான ஒரே கருவியைச் சொல்லச் சொன்னால் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டரைசரில், சூடான பால் குறித்த நேரம் இருந்து கடக்கும் ஹோல்டிங் குழாயின் முடிவில் இருக்கும் வெப்பநிலை சென்சாரைச் சொல்வேன். பால் 72 டிகிரியில் 15 விநாடி நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் வால்வு திரும்பிப் பாலைத் திருப்பி அனுப்ப வேண்டும். குடிப்பவர்களின் பாதுகாப்பு அந்த எண்ணில் இருக்கிறது. அங்கே போடும், சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பிடி100 சென்சாரில் கிளாஸ் ஏ, கிளாஸ் பி என இரண்டு வகை. 72 டிகிரியில் கிளாஸ் பி-யின் அனுமதிக்கப்பட்ட பிழை 0.66 டிகிரி, கிளாஸ் ஏ-யின் பிழை 0.3 டிகிரிக்குள். விலை வேறுபாடு பெரிதல்ல. இந்த இடத்துக்குக் கண்டிப்பாகக் கிளாஸ் ஏ வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் சிஐபித் தொட்டிக்கும் கிளாஸ் பி போதும்.

அதைவிட முக்கியமானது ஒயர் எண்ணிக்கை. இரண்டு ஒயர் சென்சாரை 20 மீட்டர் தள்ளியிருக்கும் பேனலுக்கு 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் இழுத்தால், போகவர 40 மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 0.7 ஓம். பிடி100-இல் 0.385 ஓம் என்பது ஒரு டிகிரி. ஆகவே மீட்டர் ஏறக்குறைய இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். பேனலில் 72 என்று பார்ப்பீர்கள், குழாயில் பால் 70-இல் ஓடிக்கொண்டிருக்கும். பிழை ஆபத்தான பக்கத்தில்தான் விழுகிறது. மூன்று ஒயர் அல்லது நான்கு ஒயர் கேளுங்கள். இல்லையென்றால் சென்சாரின் தலையிலேயே, அளவை மின்னோட்டமாக்கி அனுப்பும் 4-20 மில்லியாம்ப் டிரான்ஸ்மிட்டர் வையுங்கள். இவையெல்லாம் ஸ்டாண்டர்டு ஆப்ஷன்கள், நாள் கூடாது. நுனி மெலிந்த தெர்மோவெல் (சென்சாரைச் செருகும் உறைக்குழாய்) என்ற ஆப்ஷனையும் இந்த இடத்துக்கு எடுங்கள். வெப்பநிலை மாறுவதை விரைவாகக் காட்டும். பதினைந்தே விநாடி நிற்கும் பாலில் சென்சார் தாமதித்தால் வால்வு திரும்புவதும் தாமதமாகும்.

பாலின் கொழுப்பைப் பொடியாக்கிக் கலக்கும் ஹோமோஜினைசரின் கேஜ் தனி இனம். அங்கே 150, 200 பார் அழுத்தம் பிஸ்டனோடு சேர்ந்து விநாடிக்குப் பலமுறை துடிக்கும். சாதாரண கேஜின் முள் ஆடி ஆடிச் சில வாரத்தில் பல்சக்கரம் தேய்ந்துவிடும். அழுத்தம் நிலையாக இருந்தால் அளவுகோலின் முக்கால் பங்கு வரையும், துடித்துக்கொண்டிருந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குள்ளும் வேலை செய்யும்படி கேஜைத் தேர்வு செய்வது உலக வழக்கம். 200 பாருக்கு 0-400 பார் கேஜ் வேண்டும், 0-250 போதாது. கிளிசரின் நிரப்பியதும் துடிப்பைத் தணிக்கும் அமைப்பு உள்ளதும் இங்கே வீண் செலவல்ல. பெரும்பாலும் ஹோமோஜினைசர் செய்த நிறுவனமே இதைச் சேர்த்துத் தரும். உங்கள் கொட்டேஷனில் இரண்டாவது முறையாக இது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அமோனியா குளிர்பதன அறைக்கு ஸ்டாண்டர்டு என்று வரும் பித்தளை கேஜை ஒருபோதும் வாங்காதீர்கள். அமோனியா செம்பையும் பித்தளையையும் அரித்து வெடிப்பு உண்டாக்கும். உள்ளே இருந்து முள்ளை நகர்த்தும் போர்டன் குழாய் உட்பட எல்லாம் எஃகாக இருக்க வேண்டும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் ஸ்டோரில் மாறிப்போகும். எனவே டயலில் அமோனியா என்று எழுதியதையே கேளுங்கள். அந்த அறையில் வைக்கும் மின்கருவிகளுக்கு ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே தீப்பொறி வந்தாலும் வெளியே பரவவிடாத பெட்டி) வேண்டுமா என்பதை நான் இங்கிருந்து சொல்வது சரியல்ல. அறையின் காற்றோட்டம், கசிவு உணரும் கருவி, இயந்திரத்தின் அளவு ஆகியவற்றைப் பார்த்து உங்கள் குளிர்பதன ஒப்பந்ததாரரும் தொழிற்சாலை ஆய்வாளரும் முடிவு செய்ய வேண்டியது அது. பால் கூடத்துக்குள் ஃப்ளேம்ப்ரூஃப் தேவையில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். உங்கள் பட்டியலில் பால் டிரான்ஸ்மிட்டர்களுக்கு அது சேர்க்கப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பாய்லருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுர செ.மீட்டருக்கு 10.5 கிலோ பாய்லர் என்றால் 0-16 அல்லது 0-21 கிலோ கேஜ், அடியில் நீராவியின் சூடு கேஜைத் தொடாமல் தண்ணீர் தேக்கும் சைஃபன் எனும் வளைந்த குழாய், வேலை அழுத்தத்தில் சிவப்புக் கோடு. சைஃபனில் முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் நீராவியைத் திறக்க வேண்டும். பாய்லரில் நேரடியாக அமரும் வாட்டர் கேஜ், வால்வு முதலியவற்றுக்கு ஐபிஆர் (இந்தியப் பாய்லர் விதிமுறைகள்) சான்று இல்லாமல் பாய்லர் ஆய்வாளர் ஒப்புதல் தர மாட்டார். அந்தச் சான்று பிறகு வாங்கக்கூடியதல்ல. பொருளோடு சேர்ந்து வர வேண்டும்.

இனி தாராளமாக வெட்டக்கூடியவை. ஒவ்வொரு கேஜுக்கும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அளவீட்டுச் சான்று தேவையில்லை. பாஸ்டரைசர் சென்சாருக்கும் நீங்கள் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஒரு மாஸ்டர் கேஜுக்கும் எடுங்கள்; மற்றவற்றுக்கு நிறுவனத்தின் சாதாரணச் சோதனைத் தாள் போதும். எப்படியும் ஆண்டுதோறும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தாரை ஆலைக்கே வரவழைத்துச் சரிபார்க்கத்தான் போகிறீர்கள். உலோகச் சான்றில் 3.1 வகையைப் பால் தொடும் பாகங்களுக்கு மட்டும் கேளுங்கள். நிறுவனத்தின் தரப் பிரிவு கையெழுத்திட்டுத் தருவது அது. வெளியாள் வந்து பார்த்துக் கையெழுத்திடும் 3.2 வகை உங்கள் ஆலைக்கு வேண்டாம். அதற்குத்தான் ஆய்வாளர் வந்துபோகும் செலவும் வாரங்களும். டிரான்ஸ்மிட்டரின் அளவு வரம்பை முன்கூட்டியே அமைத்துத் தருவதற்குத் தனி விலை போட்டிருந்தால் மறுத்துவிடுங்கள். அது பொத்தானில் மாற்றக்கூடியது. தனி நிறம், நிறுவன முத்திரையுள்ள டயல், இரு அலகு டயல் எல்லாம் அலங்காரம். இவையே சில நேரம் ஸ்டாண்டர்டு கேஜை ஸ்பெஷல் ஆக்கி வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும்.

வெட்டக் கூடாத இரண்டு சிறிய ஆப்ஷன்கள் உண்டு. பால் கூடம் தினமும் குழாய் வைத்துக் கழுவப்படும் இடம் என்பதால் கருவிப் பெட்டி ஐபி66/67 ஆக (தூசியும், பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) இருக்கட்டும். கூடவே கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்டையும் அதே நிறுவனத்திடம் வாங்குங்கள். கேபிளின் தடிமனுக்குப் பொருந்தாத கிளாண்டைப் போட்டால் ஐபி66/67 என்ற எழுத்துக்குப் பொருளில்லை. அடுத்தது, வெட்டவெளியில் நிற்கும் தொட்டியின் டிரான்ஸ்மிட்டருக்கு மின்னல் தடுப்பு. ஐப்பசி, கார்த்திகை இடிமழையும் சித்திரை, வைகாசிக் கோடை இடியும் நமக்குப் புதிதல்ல. அதே வெட்டவெளிக் கருவிக்கு நிழல்தரும் தகர மூடி ஒன்றும் வேண்டும். அதை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம்.

லேத் பட்டறை யோசனைக்கு வருகிறேன். கப்பலூரிலும் கே.புதூரிலும் இருக்கும் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்கு ஐயமே இல்லை. சைஃபன், தாங்கி, தண்ணீர்க் குழாய் சாக்கெட், பேனல் தகடு, அடாப்டர், வெந்நீர்த் தொட்டிக்கான தெர்மோவெல் இவற்றையெல்லாம் அங்கேயே செய்யுங்கள். நிறுவனம் போடும் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். அரை அங்குல அடாப்டர் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: பிஎஸ்பி மரைக்கும் என்பிடி மரைக்கும் அந்த அளவில் அங்குலத்துக்கு 14 மரை என்பது ஒன்றே. முதல் இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60 டிகிரி. டேப் சுற்றி இறுக்கினாலும் அழுத்தம் ஏறும்போது ஒழுகும். கேஜைக் கையில் கொடுத்து அளவெடுக்கச் சொல்லாமல், எந்த மரை என்று எழுதிக் கொடுங்கள்.

பால் தொடும் எதையும், எண்ணெய் அடைத்த எதையும், சான்றோடு வந்த எந்தப் பெட்டியையும் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். டயஃப்ரம் சீலின் இணைப்பை வெட்டி வேறொன்றை வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு நெளியும். பூஜ்ஜியம் திரும்ப வராது. தெர்மோவெல் நுனியைக் கடைந்து மெலிதாக்கினால் சுவரின் தடிமன் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்காது. ஓடும் பாய்மத்தில் நிற்கும் தெர்மோவெல்லுக்குப் பின்னால் சுழல்கள் உண்டாகி அதை அதிரச் செய்யும்; ஜப்பானின் மோன்ஜு அணு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்தது, இப்படி அதிர்ந்து ஒடிந்த ஒரு தெர்மோவெல்லால்தான். பால் குழாயின் வேகத்தில் அந்த அளவு ஆபத்து வராது. ஆனாலும் கருவியின் வடிவத்தை மாற்றுகிறவர் அதன் கணக்கையும் மாற்றுகிறார். பெட்டியில் ஒரே ஒரு துளை கூடுதலாகப் போட்டாலும் அதன் ஐபி தரமும், ஃப்ளேம்ப்ரூஃப் சான்று இருந்தால் அதுவும், வாரண்டியும் அந்த நொடியே போய்விடும்.

ஃப்ளோ மீட்டரில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பாலுக்கு மின்கடத்துத்திறன் போதுமான அளவு உண்டு. ஆகவே மின்காந்த மீட்டர் நன்றாக வேலை செய்யும், அதில் ஐயமில்லை. ஆனால் டேங்கரிலிருந்து இறக்கும் பாலில் காற்று கலந்திருக்கும். மீட்டர் காற்றையும் பாலாகவே எண்ணும். காற்றுப் பிரிப்பான் இல்லாமல் துல்லியம் அதிகமான மாடலை வாங்குவதால் பயனில்லை. மேலும் அந்த அளவை வைத்து விவசாயிக்கோ சங்கத்துக்கோ பணம் கொடுப்பதாக இருந்தால் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் குறுக்கே வரும். வணிகத்துக்குப் பயன்படும் அளவுகருவி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். முத்திரையுள்ள எடைமேடையில் எடை போட்டுப் பணம் கொடுத்துவிட்டு, ஃப்ளோ மீட்டரை உள்கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது உங்கள் அளவு ஆலைக்குப் பொருத்தம் என்று தோன்றுகிறது. இது என் அபிப்பிராயம்தான். உங்கள் கொள்முதல் முறை வேறாக இருக்கலாம்.

ஆர்டர் எழுதும்போது மாடல் கோடை மட்டும் எழுதாதீர்கள். கோடின் கீழே அதன் பொருளையும் சொற்களில் எழுதுங்கள்: இணைப்பு, உலோகம், எண்ணெய், வரம்பு, நுழைநீளம், சான்றுகள். ஓர் எழுத்து மாறிப்போய் வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த விளக்கம்தான். ஸ்பெஷல் கருவிக்கு வரைபடம் அனுப்பி உங்கள் ஒப்புதல் கேட்பார்கள். பன்னிரண்டு வாரம் என்ற கெடு பெரும்பாலும் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். வரைபடம் உங்கள் மேசையில் கிடக்கும் நாள்கள் கணக்கில் வராது. ஸ்பெஷல் ஆர்டரை ரத்து செய்யவோ திருப்பித் தரவோ பொதுவாக அனுமதி இல்லை என்பதையும் நிபந்தனைகளில் படித்துப் பாருங்கள். விலை எஃப்ஓஆர் மதுரையா (மதுரை வரை கொண்டுவந்து தரும் விலையா), அவர்கள் ஆலை வாசல் விலையா என்று கேளுங்கள். பழுது வந்தால் ஆள் சென்னையிலிருந்து வருவாரா, கோயம்புத்தூரிலிருந்து வருவாரா, எத்தனை நாளில் வருவார் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதிதான் உங்களை அதிகமாக அழுத்துகிறது என்றால் ஆர்டரை இரண்டாகப் பிரியுங்கள். தண்ணீர், நீராவி, காற்று இவற்றுக்கான ஸ்டாண்டர்டு கருவிகள் முதலில் வரட்டும். பாய்லரும் சில்லரும் ஓட அவை போதும். ஸ்பெஷல் கருவிகள் வரும் வரை அந்த இடங்களில் அதே நீளமுள்ள வெற்றுக் குழாய்த் துண்டை டிசி கிளாம்பில் மாட்டி வைக்கலாம். கருவியின் நீளத்தைச் சப்ளையரிடம் வாங்கி அந்தத் துண்டுகளைக் குழாய் ஒப்பந்ததாரரிடமே செய்யச் சொல்லுங்கள். குழாய் வேலையும் தண்ணீர்ச் சோதனையும் தடையில்லாமல் நடக்கும். பாஸ்டரைசர் சென்சாரை மட்டும் இப்படித் தள்ளிவைக்க வேண்டாம். அது வந்து பொருத்திச் சரிபார்க்கும் வரை பாலை ஓடவிடக் கூடாது.

ஹோல்டிங் குழாயின் விட்டம், தொட்டியின் உயரமும் அடி இணைப்பும், சிஐபியில் நீராவி உண்டா இல்லையா என்ற மூன்றையும் எழுதினால், சென்சாரின் நுழைநீளத்தையும் டயஃப்ரம் அளவையும் குறிப்பாகச் சொல்ல முடியும்.